இடது பக்கத்துப் பேடுகள்

அண்ணா,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டு மாடி அறையில், எலக்ட்ரானிக் ட்ரம்ஸ் செட்டின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தேன். ரப்பர் வாசனையும், வாசிக்க உட்காரும் முன் நீங்கள் உள்ளங்கையில் தட்டிக்கொள்ளும் பவுடர் வாசனையும் ஒன்றாக வந்தன. ஆனால் அதைச் சொல்ல நான் எழுத உட்காரவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் நடந்ததிலிருந்து நான் இன்னும் மீளவில்லை. யாரிடம் சொல்வது என்று பார்த்தால், சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான்.

நம் கச்சேரிக் குழுவில் உங்கள் இடத்துக்கு ஒருவரைப் பார்த்திருக்கிறோம். உடுமலைப்பேட்டைக்காரர், தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். உங்கள் ஸ்டூலைப் பார்த்து, "இதுல நான் உக்காரலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஸ்பீக்கரை எப்போதும் வைக்கும் அளவில் வைத்தேன். அவர் நடுவில் இருக்கும் ஸ்னேர் பேடைக் குச்சி முனையால் சும்மா தொட்டுப் பார்த்தார். வெடி போட்ட மாதிரி சத்தம். அவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். சமையலறையிலிருந்து அக்கா கையில் கரண்டியோடு படியேறி ஓடிவந்து வாசலில் நின்றார்கள். நீங்கள் போன பிறகு அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவியின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நான் ஓங்கி அடிக்கலீங்க, தொட்டுத்தான் பாத்தனுங்க," என்றார் மண்டிக்காரர் பயந்துபோய். "பேடுல என்னமோ கோளாறுங்க."

கோளாறு என்றால் என்னிடம்தானே வர வேண்டும். பகலில் பம்ப் கம்பெனியில் கண்ட்ரோல் போர்டு பழுது பார்க்கிறவள். சாயங்காலம் நம் குழுவில் கீபோர்டு வாசிப்பதோடு, எந்த ஒயர் அறுந்தாலும் ஈயம் உருக்கிச் சாலிடர் வைப்பதும் நான். இந்தப் பேடு எனக்குப் புதுசும் இல்லை. போன வருஷம் சித்திரையில் இதையே வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள்.

"ஏனுங் அம்மணி, இந்தப் பேடு செத்துப்போச்சுங். என்ன அடிச்சாலும் சத்தமே வரமாட்டீங்குது."

பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒட்டியிருந்த சென்சார் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் மாற்றினேன். அதன்மேல் இருந்த பஞ்சு அமுங்கியிருக்கும் என்று அதையும் மாற்றினேன். கேபிளையும் விடவில்லை. மேலே இருக்கும் வலையை இழுத்து முறுக்கினேன். என் மேஜையில் வைத்து அடித்தால் சுத்தமாகக் கேட்டது. நீங்கள் வாங்கிக்கொண்டு போய் அடுத்த வாரமே திருப்பிக் கொண்டுவந்தீர்கள்.

"என் கைக்கு நல்லாத்தானுங்ணா கேக்குது. உங்ககிட்ட மட்டும் முறுக்கிக்குதா?" என்று கேட்டேன்.

"பழகுன ஆளுன்னா எளக்காரமுங்," என்று சிரித்தீர்கள்.

அப்புறம் ஒருநாள் நீங்களே, "சரியாப் போச்சுங் அம்மணி. உங்க கைராசி," என்றீர்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறையாகத் திரிந்தேன். பேடுக்கென்று சத்தம் கிடையாது, அடி எவ்வளவு பலமாக விழுந்தது என்று அது ஒயர் வழியாகப் பெட்டிக்குச் சொல்லும், பெட்டிதான் சத்தம் போடும் என்று முதலில் எனக்குச் சொன்னதே நீங்கள்தான். எவ்வளவு மெல்லிய அடிக்கு எவ்வளவு பெரிய சத்தம் என்பதை அந்தப் பெட்டிக்குள் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பக்கம் என்னை நீங்கள் விட்டதே இல்லை. "பெட்டி என் டிபார்ட்மென்ட்டுங். நீங்க சாலிடரோட நிறுத்திக்கோங்க," என்பீர்கள். அது உங்கள் கெத்து என்று நினைத்துக்கொண்டேன்.

கோபிசெட்டிபாளையம் கல்யாண வரவேற்பு நினைவிருக்கிறதா? இரும்புக் குழாய் மேடை. பேஸ் ஸ்பீக்கர் அதிரும்போதெல்லாம், நீங்கள் அடிக்காமலே ஸ்னேர் தானாக அடித்தது. நீங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அது தனியாக ஒரு ரோல் உருட்டியது. முன்வரிசையில் சிரிப்பு. இரண்டு குச்சியையும் மேலே தூக்கிக் காட்டி, "நான் இல்லீங்க," என்றீர்கள். மேடை அதிர்வு பேடுக்கு ஏறுகிறது என்று நான் ஓடிப்போய், மணமகள் அறையில் விரித்திருந்த பவானி ஜமக்காளத்தை மடித்து ஸ்டாண்டின் காலுக்கடியில் செருகினேன். சத்தம் அடங்கியது. கல்யாண வீட்டுப் பெரியம்மா கச்சேரி முடியும்வரை மேடைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு ஜமக்காளத்துக்குக் காவல் இருந்தார். அதற்குப் பிறகு எங்கே போனாலும் நம் வண்டியில் ஒரு ஜமக்காளம் வந்தது. அதிர்வு மேடையில் இருந்தது உண்மைதான். அந்தச் சின்ன அதிர்வைக்கூட அடியென்று எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பேடு ஏன் அப்படிக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்தது ஹை-ஹேட். ஜால்ரா ஜோடி மாதிரி மூடித் திறக்கிற ஓசைக்கு இடது காலால் மிதிக்கிற பெடல். அழுத்தி மிதித்தால் மூடிய ஓசை 'ச்' என்று சுருக்கமாக வர வேண்டும். உங்களுக்கு 'ஷ்ஷ்' என்று இழுத்தது. பெடலுக்குள் ரப்பர் தேய்ந்துபோனது என்றீர்கள். பிரித்தேன், ரப்பர் புதுசு மாதிரி இருந்தது. சொன்னால் கேட்டால்தானே. ஸ்டாண்டில் நிற்கிற புது ஹை-ஹேட்டே மாட்டியாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினீர்கள். மாட்டின அன்றைக்கு எவ்வளவு மிதித்தால் மூடியதாகக் கணக்கு என்று பெட்டிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. நான் காலை வைக்கப் போனேன். "நீங்க எந்திரிங், நானே மிதிக்கறேன்," என்றீர்கள். ஸ்டாண்டின் ஸ்பிரிங்கை எவ்வளவு முடியுமோ அவ்வளவு தளர்த்தச் சொன்னீர்கள்.

"ஏனுங்ணா, வயசாயிப்போச்சுங்களா?"

"காலுக்குக் கொஞ்சம் ரெஸ்ட்டு குடுக்கலாம்னுதானுங்."

அன்றைக்கு அவசரத்தில் சாலிடர் கம்பியைச் சூட்டோடு பிடித்து என் இடது கையில் கொப்புளம். மறுநாள் மாரியம்மன் கோயில் கச்சேரி. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் சொன்னீர்கள்: "ஒத்தக் கையிலயே சமாளிச்சுப்போடுங்க அம்மணி. கேக்கறவங்களுக்குச் சத்தம் வந்தாச் சேரி. எந்தக் கையில வந்துச்சுன்னா பாக்கப்போறாங்க?" சொல்வது லேசு என்று உங்கள்மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் அப்படியேதான் வாசித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

ஆடி மாதம் உங்கள் கடையில் மயங்கி விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தலைக்குள் வலது பக்கம் ரொம்ப நாளாக ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது, இப்போது அதில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார் டாக்டர். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இடது பக்கம் கையும் காலும் பலம் கொறஞ்சிருக்குமே. ஊட்டுல யாருமே கவனிக்கலீங்களா?"

அக்கா இல்லை என்றார்கள். நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: "அவரு ட்ரம்ஸ் வாசிக்கறவருங் டாக்டர். போன வாரங்கூட வாசிச்சாருங்க. ஒரு அடி தப்பலீங்க." அதற்குப் பிறகு நீங்கள் கண் விழிக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியின் அமைப்பைத் திறந்தேன். முதல் தடவையாக உங்கள் டிபார்ட்மென்ட்டுக்குள் கை வைத்தேன். வலது கை அடிக்கிற டாம், வலது கை அடிக்கிற ரைடு, வலது கால் மிதிக்கிற கிக், எல்லாம் வாங்கினபோது இருந்தபடியே இருந்தன. ஸ்னேர் மட்டும் அதற்குமேல் கூட்ட முடியாத இடத்தில் போய் நின்றது. ஹை-ஹேட்டில் கால் வைத்தேன். மிதிக்கவில்லை, காலின் கனம் மட்டும்தான். அதற்கே முழுக்க மூடிக்கொண்டது. ஸ்னேரும் ஹை-ஹேட் பெடலும். இடது கை, இடது கால். நான் பிரித்துப் பிரித்துச் சரிசெய்தது எதுவும் பழுதாகவே இல்லை, அண்ணா.

கடைசிக் கச்சேரியில் நீங்கள் வாசித்த அளவு சத்தம் வரும்வரை அந்த ஸ்னேரை அடித்துப் பார்த்தேன். குச்சி அதிகமாக இருந்தது. கையால் தட்டினேன், அதுவும் அதிகம். கடைசியில் ஒரு விரலால், தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி தொட்டேன். சரியாக வந்தது. உங்கள் இடது கையில் மிச்சம் இருந்தது அவ்வளவுதானா?

அக்காவிடம் சொன்னேன். அவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு, "வண்டி," என்றார்கள். "கியர் வண்டியக் குடுத்துப்போட்டு ஸ்கூட்டர் வாங்குனாரு கண்ணு. எனக்கு ஓட்டச் சுலபம்னு சொன்னாரு. கிளச்சு எடது கை, கியரு எடது காலு. நான் என்னத்தக் கண்டேன்? எனக்காகத்தான் வாங்குனாருன்னு தெருவெல்லாம் சொல்லிட்டிருந்தேன்."

மண்டிக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்கிப் போய்விட்டார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? பேடுதான் கெட்டது என்று நீங்களும் என்னைப் போல நம்பிக்கொண்டு இருந்தீர்களா? அப்படியென்றால் நீங்களும் ஏமாந்த ஆள். தெரிந்தே என்னிடம் பேடைக் கொடுத்துவிட்டு, நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சென்சாரைச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்களா? அப்படியென்றால் உங்களை நான் என்ன செய்வது?

எல்லாவற்றையும் பழையபடி மாற்றலாம் என்று பெட்டியில் சேமித்திருந்த ஓசை அமைப்புகளை ஒவ்வொரு செட்டாகத் தள்ளிக்கொண்டே போனேன். பாட்டுக்கு ஏற்ற மாதிரி நீங்கள் அமைத்து வைத்தவை. கடைசியாக, நாம் எந்த மேடையிலும் கேட்டிராத ஒன்று இருந்தது. அதில் இடது கைக்கான ஸ்னேர் பேடுக்குச் சத்தமே இல்லை. ஸ்னேரின் ஓசையை வலது கைக்குப் பக்கத்தில் இருக்கும் டாமுக்கு மாற்றியிருந்தீர்கள். ஹை-ஹேட்டின் மூடிய ஓசையை அதற்கு அடுத்த பேடுக்குக் கொண்டுவந்து, பெடலை மிதிக்காமலே வரும்படி வைத்திருந்தீர்கள். வலது கையும் வலது காலும் போதும். மற்ற இரண்டும் தேவையே இல்லை.

தெரிந்திருக்கிறது.

உட்கார்ந்து பார்த்தேன். நான் ட்ரம்ஸ் வாசிக்கிறவள் இல்லை. ஆனாலும் உங்கள் பக்கத்தில் இத்தனை காலம் நின்றவளுக்கு அந்த நடை தெரியாதா? இடது கையை மடியில் போட்டுக்கொண்டேன். வலது கை இரண்டு பேடுகளுக்கும் நடுவில் போய் வந்தது. கால் கிக்கை மிதித்தது. மெதுவாகத்தான் வந்தது, தடுமாறித்தான் வந்தது. ஸ்பீக்கரை நான் அணைத்திருந்தேன், ஹெட்போனில் எனக்கு மட்டும்தான் ஓசை. வெளியே வெறும் ரப்பர் தட்டுகிற சத்தம்.

அக்கா தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள். "இதேதான்," என்றார்கள். "கடைசி மாசமெல்லாம் மத்தியானச் சோறு தின்னுபோட்டு மேல வந்துருவாரு. கீழ எனக்கு இந்தத் தட்டற சத்தம்தான் கேக்கும். வரவர ஒரே மாதிரி தட்டறாரேன்னு நெனச்சுட்டுப் பாத்திரம் கழுவிட்டிருப்பேன்."

மண்டிக்காரருக்காக ஸ்னேரையும் ஹை-ஹேட்டையும் பழையபடி மாற்றிவிட்டேன். ஸ்பிரிங்கையும் இறுக்கிவிட்டேன். பாவம், அவருக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. அந்தக் கடைசி செட்டை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இப்போது ஞாயிறு தவறாமல் போய் அதில் உட்காருகிறேன். தடுமாற்றம் குறைந்துகொண்டு வருகிறது. நேற்று கம்பெனியில் ஒரு போர்டு சூடாகட்டும் என்று காத்திருந்தபோது, என் இடது கை மடியில் கிடக்க, வலது கை மட்டும் மேஜையில் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜைக்காரி என்ன பாட்டு என்று கேட்டாள்.

ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டால், அந்த வாசிப்பில் எந்த இடமும் காலியாக இல்லை, அண்ணா. ஆவணியில் நமக்கு ஒரு கச்சேரி இருந்தது. அதற்கு இந்த ஒற்றைக் கை வாசிப்போடு நீங்கள் தயாராகத்தான் இருந்திருக்கிறீர்கள். நானும் வழக்கம்போல உங்கள் பக்கத்திலேயே நின்று, ஒன்றையும் கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வந்திருப்பேன்.