குழந்தை இயேசு மறைத்த பக்கம்

இயேசு மரி சூசை

குவீன்ஸ்டவுன்,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் ஜோவன்னாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் எழுதினால் அது இந்த வருஷம் நான் சொல்லும் இரண்டாவது பெரிய பொய்யாகிவிடும், முதல் பொய் எது என்று கீழே வருகிறது, அதனால் விட்டுவிட்டேன். என் முழங்கால் நலமில்லை, அப்பாவின் பசி நலமில்லை, ஃபிரிட்ஜ் மட்டும் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன், மூச்சு எப்படி இருக்கிறது, அதைச் சொல். ஒன்பது நாளாகப் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், மெசேஜ் போட்டால் இரண்டு டிக் விழுகிறது, நீலமாக மாட்டேன் என்கிறது, அதனால்தான் காகிதத்துக்கு வந்தேன். இருபதாம் தேதி கையெழுத்துப் போடப் போகிறேன் என்றாய். இன்று எட்டு. கூரியர் கவுண்டரில் நேற்றே விசாரித்துவிட்டேன், அங்கிருந்த பெண் நாலே நாள்தான் ஆன்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க லா என்றாள். டென்ஷன் ஆகாமல் இருக்க நான் என்ன அவள் கவுண்டரா.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா போன மாதம் பஸ் டிப்போவில் நல்லோட்டுநர் சான்றிதழ் வாங்கினார், அதை டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார், வீட்டில் ஒரு கேப்டன் போதும், அது பஸ் கேப்டன் என்று போன வாரம்வரை ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன், இப்போது அடிப்பதில்லை. நான் வழக்கம்போல லிட்டில் இந்தியாவில் பல் டாக்டரின் கவுண்டரில் உட்கார்ந்து ஊர் வம்பை வாங்கி வைக்கிறேன், உள்ளே போனால் வாயைத் திறந்தபடி படுக்க வேண்டும் என்பதால் ஜனங்கள் பேச வேண்டியதையெல்லாம் என்னிடமே பேசித் தீர்த்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுச் சிவகாமசுந்தரி தன் முறுக்கைத் தானே கடித்துக் கடைவாய்ப்பல்லை உடைத்துக்கொண்டு வந்தாள், முறுக்கின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள், நானும் யாரிடமும் சொல்லவில்லை, கோயிலில் பாடும் கோயர் பெண்கள் ஆறு பேரைத் தவிர. உன் அறையில் துணி காயப்போடும் ஸ்டாண்டு இருந்தது, எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று உனக்கே தெரியும்.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். நீ படிப்பு முடிந்து, குலுக்கலில் அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் கிரீன் கார்டு விழுந்து, அங்கேயே தங்கினாய் அல்லவா, அந்த நாட்டின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன், கோபமாக இருக்கிறேன். போன் செய்தால் பிசிமா, அப்புறம்மா என்று வைத்துவிடுவாய். அப்புறம் நீதான் சொன்னாய், கேம்ல வாம்மா, அங்கே பேசலாம் என்று. பெற்ற பிள்ளையோடு பேச வேறு வழியில்லை என்றால் ஐம்பத்துமூன்று வயசில் துப்பாக்கி தூக்க வேண்டியதுதானே, தூக்கினேன். அந்த விளையாட்டின் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை, தொடக்கத்தில் ஒரு உடைந்த பாலம் வருவதால் பாலம் விளையாட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டேன். முதல் வாரம் முழுவதும் சுவரைப் பார்த்தபடி நின்றேன். இரண்டாவது வாரம் நம் ஆளையே சுட்டேன், நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைக் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிறகு என்னைக் காயத்துக்குக் கட்டுப்போடும் ஆளாக ஆக்கினாய். காலை ஆறேகாலுக்கு, உனக்கு அங்கே சாயங்காலம், நான் வேலைக்குக் கிளம்புமுன் முக்கால் மணி நேரம். ஊர் பேர் தெரியாத பையன்களெல்லாம் ஆன்ட்டி ஹீல் மீ, ஆன்ட்டி ஹீல் மீ என்று கத்துவார்கள், நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டே கட்டுப்போடுவேன். சுட்டுக்கொண்டே நீ எல்லாம் பேசினாய். வேலை போனதை அங்கேதான் சொன்னாய். அறைத்தோழி போய்விட்டதை, ஞாயிற்றுக்கிழமை யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் கழிந்ததை, பனியில் விழுந்ததை, எல்லாம் எதிரி வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய், என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் பாலத்துக்குக் கீழே நீ விழுந்துவிட்டாய். என்னால் இறங்கி வர முடியவில்லை, எந்தப் பட்டனை அழுத்தினாலும் குதிக்கிறதே தவிர இறங்கவில்லை, நான் போட்ட கூச்சலில் அப்பா முகத்தில் பாதி ஷேவிங் நுரையோடு ஓடி வந்தார். பத்து விநாடியில் நீயே எழுந்து நின்றாய், என்னமா, இது கேம்தானே என்றாய். நானும் சிரித்துவிட்டுப் போய் கிளினிக் கழிவறையில் அழுதேன். அந்த முட்டாள் சந்தோஷத்தில்தான் நொவேனா ஜெபத்துக்கு நன்றிக் கடிதம் எழுதிக் கோயில் பெட்டியில் போட்டேன். பேசாத மகளைப் பேசவைத்த மாதாவுக்கு நன்றி, அதற்குக் கருவியாக வந்த விளையாட்டுக்கும் நன்றி என்று. சனிக்கிழமை அதை மைக்கில் வாசித்தார்கள், ஒரு தாய் எழுதுகிறார் என்று பெயர் சொல்லாமல்தான், ஆனால் கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. மகளே, ராணுவம் காசு போட்டுச் செய்த விளையாட்டுக்கு மாதா சன்னதியில் மைக் வைத்து நன்றி சொன்ன ஒரே மடச்சி உன் அம்மாதான்.

பொய்க்கு வருகிறேன். அந்த விளையாட்டுக்குள் சனிக்கிழமைதோறும் வருவாரே ஒரு சார்ஜென்ட், தேன் மாதிரிப் பேசுகிறவர், உன் பிறந்தநாளுக்கு உன் சித்திக்கு முன்னால் வாழ்த்துச் சொன்னவர், அவர் ஜூலையில் எனக்கு ஒரு ஃபாரம் அனுப்பினார். ஃபேமிலி ஸ்குவாட் பேட்ஜ் கிடைக்கும், உங்கள் மகளைப் பற்றி நாலு வார்த்தை எழுதுங்கள் மேடம் என்று. நான் ஏதோ பரிசு என்று நினைத்தேன். மகளைப் பற்றி எழுது என்றால் தமிழ்த் தாய்க்கு என்ன வரும், கல்யாணத்துக்குக் கொடுக்கும் பயோடேட்டாதான் வரும். எழுதினேன். விடியற்காலை எழுவாள், பெரியவர்கள் சொல் தட்டமாட்டாள், அப்பா விரலை வெட்டிக்கொண்டபோது ரத்தத்தைப் பார்த்துப் பயப்படாமல் கட்டினாள், தனியாக இருப்பாள், எதையும் தாங்குவாள். உடல்நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. கை தானாகவே போயிற்று, பிறந்ததிலிருந்து ஒரு குறையும் இல்லை என்று. உங்கள் மகளின் முடிவுக்குக் குடும்பத்தின் ஆதரவு உண்டா என்று கடைசியில் ஒரு சின்னப் பெட்டி, அதிலும் டிக். எந்த முடிவு என்று கேட்டேனா? கேட்கவில்லை. பேட்ஜ் வந்தது, பச்சை நிறம், கோயர் பெண்களிடம் காட்டினேன்.

போன வாரம் சிவகாமசுந்தரியின் மகன் ரித்திக், கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறானே, அவன் பிளாக்குக்குக் கீழே வாய்ட் டெக்கில் என் போனில் பேட்ஜைப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி இத யாரு செஞ்சது தெரியுமா என்றான். போனை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரைக்கும் போனான், அங்கே எறும்பு மாதிரி எழுத்தில் இருந்தது, அந்த நாட்டு ராணுவத்தின் ஆளெடுப்புப் பிரிவு செலவில் தயாரிக்கப்பட்டது என்று. நீங்க ஃப்ரீயா விளையாடலீங்க ஆன்ட்டி, உங்களுக்கு இன்டர்வியூ நடந்திருக்கு என்றான். அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன், நீ எடுத்தாய், எடுத்ததும் ராணுவத்தில் சேருகிறேன், இருபதாம் தேதி கையெழுத்து என்றாய். எனக்குத் தெரியும்மா யாரு செஞ்சதுன்னு, ஆனா அவங்கதாம்மா என்னை ஒரு டீம்ல சேத்துக்கிட்டாங்க, வேற யாரும் சேக்கல என்றாய். உனக்கு வீசிங் இருக்கேடி, சொன்னியா என்று கத்தினேன். அதற்கு நீ சொன்னது ஒன்பது நாளாக என் காதில் இருக்கிறது. நீதானேம்மா சொன்ன, யார்கிட்டயும் சொல்லாதேன்னு. சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

ஆமாம், நான்தான் சொன்னேன். பள்ளி முகாமுக்குப் போகும்போது இன்ஹேலரை சாக்ஸுக்குள் வைத்து அனுப்பினேன், கேட்டால் மூக்கடைப்பு என்று சொல் என்றேன். யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டம்மா ரிடையர்டு நர்ஸ் என்று கேள்விப்பட்டு, உன் ஹெல்த் புக்லெட்டைக் கேட்டாலும் கேட்பாள் என்று, ஆஸ்துமா என்று எழுதியிருந்த பக்கத்தின் மேல் குழந்தை இயேசு படத்தை ஒட்டினேன். அந்த அம்மா புக்லெட்டையும் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. உனக்கு நாலு வயசில் ஒரு மழைநாளில் உதடு நீலமாகி டாக்ஸியில் என் மடியில் கிடந்தாயே, அப்பா இரண்டு கையாலும் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம் பிளீஸ் அங்கிள், பிளீஸ் அங்கிள் என்று சொல்லிக்கொண்டே வந்தாரே, அதைக்கூட உறவுக்காரர்களிடம் காய்ச்சல் என்றுதான் சொன்னேன். நீ நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்தாய். இருபது வருஷம் கழித்து ராணுவ டாக்டர் முன்னால் நின்றும் சொன்னதையே செய்திருக்கிறாய்.

சார்ஜென்டுக்கு எழுதினேன், ஃபாரத்தில் நான் எழுதியது பொய், என் மகளுக்கு வீசிங் உண்டு, என் டிக்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று. நன்றி மேடம், உங்கள் மகள் வயதுவந்தவர், அவரே சொன்னால்தான் நாங்கள் எடுத்துக்கொள்வோம் என்று பதில் வந்தது, கீழே அதே பச்சை பேட்ஜ். நொவேனாவுக்கும் மறுபடி எழுதினேன், மார்ச்சில் சொன்ன நன்றியைத் தள்ளுபடி செய்யவும் என்று. அதை வாசிக்கவில்லை, தள்ளுபடி செய்வது வழக்கமில்லை போலும். அப்பா என்எஸ்ஸில், அந்தக் கட்டாயப் பட்டாளத்தில், கம்பளி எண்ணியதைப் போர்க்கதை மாதிரிச் சொல்வாரே, நாம் இருவரும் கொட்டாவி விடுவோமே, அந்த மனிதர் நேற்றுச் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார், நாங்க சுட்டது அட்டை மனுஷனத்தான் பிரிஜட், அதுக்கே எனக்குக் கை நடுங்கிச்சு என்று. இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதே இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். ராணுவம் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை, இந்த பிளாக்கில் துப்பாக்கி தூக்காத ஆம்பளை கிடையாது, ஆனால் இவர்களைச் சட்டம் கூப்பிட்டது, வாசலைக் காத்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்கள் சாம்பாரைக் குறை சொன்னார்கள். உன்னைக் கூப்பிட்டது உன் தனிமை. அது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? நீ என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாய், நான் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தோடு உன் ஹெல்த் புக்லெட்டை வைத்திருக்கிறேன். இட்லிப் பானை ஆவியில் காட்டி அந்தப் படத்தை உரித்தேன், குழந்தை இயேசுவின் ஒரு பாதம் மட்டும் வரமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது, ஆனால் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, தேதியும் தெரிகிறது. அதைக் கொண்டுபோய் அந்த டாக்டர் மேசையில் வை. எங்கம்மா பொய்க்காரி என்று சொல், அவமானம் எனக்கு, உனக்கு இல்லை. அதைப் பார்த்துவிட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டால், நீயும் போகத்தான் வேண்டும் என்றால், அப்போது நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை கண்ணு, பொய்யாகத் தைரியம் எழுத வரவில்லை. ஆனால் புழுதிக்குள் மூச்சு அடைத்து நீ விழும்போது பத்து விநாடி எண்ணுகிறவன் அங்கே யாரும் இருக்கமாட்டான், கட்டுத் தீராத பையோடு ஆன்ட்டியும் இருக்கமாட்டாள். என் பொய்யை நீ சுமந்துகொண்டு போகாதே, அவ்வளவுதான் கேட்கிறேன். வேலை இல்லையென்றால் வீட்டுக்கு வா, அறை காலியாக இருக்கிறது, டீம் வேண்டுமென்றால் நானும் அப்பாவும் இருக்கிறோம், சிவகாமசுந்தரி வெளியிலிருந்து ஆதரவு தருவாள்.

சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கு. நீல இன்ஹேலரில் தேதி பார், போன தடவை முடிந்துபோனதை வைத்திருந்தாய். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும், காவல் சம்மனசுகள் உன் வாசலில் நிற்கட்டும். நெற்றியில் சிலுவை போடக் கை எட்டவில்லை, அதனால் கையெழுத்துக்கு மேலே பேனாவால் ஒன்று போட்டிருக்கிறேன், அதில் உன் கட்டைவிரலை வைத்து எடுத்து நீயே போட்டுக்கொள்.

மறக்காதே, இருபதாம் தேதிக்கு முன்னால், அந்தப் பக்கம். அந்த விளையாட்டை அழித்துவிடுங்கள் ஆன்ட்டி என்றான் ரித்திக். அழிக்கவில்லை. அதில் உன் பெயர் ஒன்பது நாளாக, ஆள் வரவில்லை என்று, சாம்பல் நிறத்தில் இருக்கிறது. ஆனாலும் தினம் ஆறேகாலுக்குப் போய் அந்தப் பாலத்துக்குக் கீழே நிற்கிறேன், இறங்கும் பட்டன் எது என்று இப்போது தெரிந்துவிட்டது. யார் யாரோ என்னைச் சுடுகிறார்கள், விழுகிறேன், எழுந்து மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன்.

†

உன் அன்புள்ள பொய்க்கார அம்மா,
பிரிஜட் இயேசுதாசன்