வலது பையில் வேறெதுவும் கூடாது

பிப்ரவரி 6, வியாழன்

ஷெரிஃப் கேலன் காலையில் டெபுடிகளான எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிற்க வைத்து உத்தரவு போட்டார். இடுப்புத் துப்பாக்கி போக, ஆளுக்கொரு சின்னத் துப்பாக்கி உடுப்புக்குள் மறைவாக இருக்க வேண்டும். ஏப்ரல் முடிவதற்குள் அதை வைத்துச் சுடும் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை தவறினால் ரோந்து வண்டியை மறந்துவிட்டுச் சிறை வாசலில் மேசை போட்டு உட்கார வேண்டியதுதான்.

நால்வரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கத்தான் செய்வார்கள். டிசம்பரில் நெடுஞ்சாலைப் பனியில் ஒரு குடிகாரன் என் மேல் ஏறி உட்கார்ந்து இடுப்பு உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். உதவி வர நாற்பது நிமிடம். அவன் மணிக்கட்டைக் கடித்துத்தான் தப்பினேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு போலீஸ்காரி கடித்துத் தப்பிக்கிறாள்.

வேலை முடிந்ததும் தானியக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் ஓரின் பெசெக்கின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். இவ்வளவு வருடமாகத் தோட்டா வாங்கப் போய் வந்த கடைதான். மனிதரை இன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன். துப்பாக்கி எதையும் எடுத்துக் காட்டவில்லை.

“முதல்ல பாக்கெட்டைக் காட்டுங்க, டெபுடி. கால் அளவு பாத்துட்டுத்தானே செருப்பு எடுக்கணும்.”

வலது பையைக் கொட்டினேன். வண்டிச் சாவி, சில்லறை, கைக்குட்டை, எந்தச் சாப்பாட்டுக் கடையிலோ பில்லோடு கொடுத்த ஒரு புதினா மிட்டாய். ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார்.

“துப்பாக்கி இருக்கற பாக்கெட்ல துப்பாக்கி மட்டும்தான். சாவி போய் விசையில மாட்டுச்சுன்னா உங்க தொடையை நீங்களே சுட்டுக்குவீங்க. அடுத்த வாரம் ஒரு பேன்ட் கொண்டாங்க, பாக்கெட்டை அளந்துக்கறேன்.”

என் கணவர் ரான் இறந்து நாலு வருடம் ஆகிறது. யாரும் என் பேன்ட்டைக் கேட்டதில்லை. வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பேன்ட்டை இஸ்திரி போட்டுக் கொண்டுபோனேன். எதற்கு இஸ்திரி? அளக்கப் போவது பையைத்தானே.

கடைக்குப் பின்னால் உள்ள சுடுதளத்தில் ஐந்து தோட்டா ரிவால்வரைச் சுட்டுப் பார்த்தேன். நம்பகமானதுதான், ஆனால் விசையை இழுத்து முடிப்பதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிடலாம். பையில் போட்டால் வயிறு போல் புடைக்கிறது. அதை இரவல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே அலுவலகத்துக்கு ஒரு நடை போய்ப் பார்த்தேன். வானொலி அறையில் இருக்கும் ட்வைலா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு மைக்கிலேயே கேட்டாள், “என்னடி, பாக்கெட்ல உருளைக்கிழங்கா?” மாவட்டமே கேட்டிருக்கும்.

கல்லாவில் இன்று ஒரு ஜாடி நிறையப் புதினா மிட்டாய். கிளம்பும்போது ஓரின் ஒன்றை எடுத்து நீட்டினார். புதினா எனக்கு ஆகவே ஆகாது, நெஞ்சு கரிக்கும். வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

தட்டையான பிஸ்டல். பையில் போட்டதும் காணாமல் போய்விட்டது, கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் தெரியவில்லை. இதுதான் என்று நினைத்தேன். தோட்டாவை ஏற்ற மேல்பகுதியைப் பின்னுக்கு இழுக்க வேண்டுமே — என் கட்டைவிரல் மூட்டு வாதத்தோடு அது முடிகிற காரியமா? மூன்று தடவை இழுத்தேன், மூன்று தடவையும் பாதியில் நழுவியது.

வேறு எந்த ஆணாக இருந்தாலும் “குடும்மா, நான் இழுத்துத் தரேன்” என்று பிடுங்கியிருப்பான். ஓரின் இரண்டு கையையும் பின்பையில் வைத்துக்கொண்டு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே கீழே வைக்கும்வரை காத்திருந்தார். அப்புறம், “இது உங்களுக்குத் தோதில்ல. தப்பு இதுமேலதான்” என்றார்.

தப்பு இதன் மேல்தானாம். கட்டிலில் படுத்துக்கொண்டு அதையே நாலு தடவை சொல்லிப் பார்க்கிறேன். எனக்கு என்ன ஆயிற்று?

மார்ச் 6, வியாழன்

வேண்டாமென்று வைத்த ரிவால்வரையே மறுபடி கேட்டு வாங்கிச் சுட்டேன். ஐம்பது தோட்டா. கை வீங்கிவிட்டது.

ட்வைலா விடுவதாக இல்லை. “பொண்ணு பாக்கப் போனவன் பஜ்ஜியிலயே குறியா இருந்த கதையால்ல இருக்கு. நீ பாக்கப் போறது துப்பாக்கியா, கடைக்காரரையா?”

நான் சாலையில் நிறுத்திய வண்டியின் எண்ணைப் பதியச் சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்

கிடைத்துவிட்டது. ஐயோ, கிடைத்துவிட்டது.

ஓரின் கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய இத்தாலியப் பிஸ்டலை எடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிறது. பக்கத்தில் ஒரு நெம்புகோல். தட்டினால் குழல் தலையைத் தூக்குகிறது, தோட்டாவை உள்ளே வைத்து மூடினால் தீர்ந்தது. எதையும் இழுக்க வேண்டாம். என் கட்டைவிரலுக்காகவே யாரோ யோசித்துச் செய்தது போல் இருந்தது. முதல் ஏழு தோட்டாவும் என் கையகலத்துக்குள் விழுந்தன.

“என்ன சொல்றீங்க, டெபுடி?”

இதை எடுத்துக்கொண்டால் அடுத்த வியாழன் இங்கே வர எனக்கு என்ன வேலை?

“யோசிக்கணும்” என்றேன்.

மார்ச் 20, வியாழன்

இன்னும் யோசிக்கிறேன். வாரத்துக்கு ஒன்றாக மிட்டாய் ஆறு ஆகிவிட்டது.

மார்ச் 27, வியாழன்

எடுத்துவிட்டேன். தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, எவ்வளவு நாள் பொய் சொல்ல?

என் பையின் அளவுக்கே ஓரின் ஒரு தோலுறை தைத்து வைத்திருந்தார். உறை பைக்குள்ளேயே நிற்க வேண்டும், துப்பாக்கி மட்டும் வெளியே வர வேண்டும். அவர் சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க ஐம்பது முறை தோட்டா போடாமல் எடுத்துப் பழகினேன்.

கேலன் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். “ஏம்மா நடீன், இதால சுட்டா எதிராளிக்குக் கோவம்தான் வரும்.”

“என் பல்லை விட மேல்தானே, சார்.”

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 10, வியாழன்

எழுதவே கை கூசுகிறது.

தேர்வு. ஐந்து கஜம், மூன்று வினாடி, பையிலிருந்து எடுத்து இரண்டு குண்டு. கேலன் கையில் கடிகாரம், பின்னால் மற்ற நால்வரும். விசில் அடித்தது. கையை விட்டேன், பிடித்தேன், இழுத்தேன். துப்பாக்கி உறையோடு வந்தது. உறையோடு மிட்டாயும் வந்தது. ஒன்று உருகி உறையின் அடியில் ஒட்டியிருந்தது, மற்றவை சிமென்ட் தரையில் டக் டக்கென்று உருண்டன. எட்டு மிட்டாய். ஒன்று கேலனின் பூட்ஸ் வரைக்கும் போய் நின்றது.

தூக்கி எறிய மனசில்லாமல் ஒவ்வொரு நாளும் ஒரு பேன்ட்டிலிருந்து அடுத்த பேன்ட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பழகும்போதெல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் பழகினேன். இன்றைக்குக் காலையில் படபடப்பில் —

கேலன் குனிந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “இது பெசெக் கடை மிட்டாயா?”

என் காது வரைக்கும் சுட்டது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். தவறிவிட்டேன், இன்னும் ஒரே தடவை. ரோந்து போய்விடும், அதுகூடப் பரவாயில்லை. ஊர் முழுக்கத் தெரிஞ்சு போச்சே, இனி அந்தக் கடைக்குள்ள எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுப் போவேன்?

ஏப்ரல் 11, வெள்ளி

போனேன். பிறர் சொல்லி அவர் கேட்பதை விட நானே சொல்வது மேல்.

ஓரின் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது.

“முதல் நாளே சொன்னேனா இல்லையா? அது விசைக்குள்ள போயிருந்தா? குண்டு கால்ல பட்டிருந்தா? ரத்தக்குழாயில பட்டா ஆறு நிமிஷம்தான், டெபுடி. உங்களுக்கு உதவி வர நாற்பது நிமிஷம் ஆகும்.”

கல்லாவிலிருந்த ஜாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

போகவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

தேறினேன். பையை மூன்று முறை வெளியே இழுத்து உதறிக் காட்டிவிட்டுத்தான் நின்றேன். இரண்டு வினாடிக்குக் கொஞ்சம் மேல், குண்டு இரண்டும் நடுவில். கேலன் கைகொடுத்தார். சந்தோஷப்பட வேண்டிய நாள்தான்.

வானொலி அறையில் ட்வைலாவிடம் ஜாடி போன கதையைச் சொல்லி மூக்கைச் சிந்தினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“ஜாடியா? அந்தக் கடைக்கு நான் இருபது வருஷமாப் போறேன். அந்த மனுஷன் ஒருத்தருக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடுத்ததில்ல. ஜாடி எப்போ வந்துச்சு?”

எப்போது வந்தது? எழுந்து வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். பிப்ரவரி ஆறு, என் பையிலிருந்து ஒரு மிட்டாய். பிப்ரவரி பதின்மூன்று, கல்லாவில் ஜாடி.

நடீன், நீயெல்லாம் எந்தத் துப்பைக் கண்டுபிடித்து எந்தத் திருடனைப் பிடிக்கப் போகிறாய்?

ஏப்ரல் 27, ஞாயிறு

தீயணைப்பு நிலையத்தில் மிளகாய்க் கறியும் லவங்கப்பட்டை ரொட்டியும். வருடா வருடம் நடக்கும் விருந்து. ஓரின் இதற்கு வந்து யாரும் பார்த்ததில்லை. இன்று வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். நேராக என் எதிரில் உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்துக் கறியில் தோய்த்தார், சாப்பிடவில்லை.

“அன்னைக்கு நான் கத்தியிருக்கக் கூடாது.”

“கத்த வேண்டியதுதான். தப்பு என்மேலதான்.”

“புதினான்னா உங்களுக்கு உசுருன்னு நினைச்சேன்.”

“எனக்கு ஆகவே ஆகாது.”

அவர் எடுத்த கரண்டி அந்தரத்தில் நின்றது. “அப்போ ஏன் வாங்குனீங்க?”

சொல்லிவிடு என்றது மனசு. “நீங்க குடுத்தீங்கன்னுதான்.”

அந்தப் பெரிய மீசைக்குள் மனிதர் சின்னப் பையன் போலச் சிவந்தார்.

“வலது பாக்கெட்டைப் பத்தித்தான் நான் சட்டம் பேசினேன். இடது பாக்கெட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே, நடீன்.”

நடீன் என்றார். டெபுடி என்று சொல்லவில்லை. பக்கத்து மேசையில் ட்வைலா கறியில் புரையேறி இருமிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 16, வியாழன்

ரோந்து, நூற்றிருபது மைல், ஒரு வம்பும் இல்லை. வலது பையில் துப்பாக்கி, வேறெதுவும் இல்லை. இடது பையில் தானியக் கிடங்குக்குப் பின்னால், துப்பாக்கிக் கடையை ஒட்டி இருக்கும் வீட்டுச் சாவியும், எனக்கு இன்னும் பிடிக்காத ஒரு புதினா மிட்டாயும்.