தாழ்வாரத்தில் அமர்த்தப்பட்ட பதினொரு பிள்ளைகள்

அனுப்புநர்:
சா. ஏசுதாசன்,
ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்,
ஆரோன் நினைவு நடுநிலைப் பள்ளி,
இரும்புலியூர், தாம்பரம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் அவர்கள்,
செங்கற்பட்டு.
(தலைமையாசிரியர் வழியாக)

பொருள்: காசநோய்ப் பரிசோதனைக்குப் பின் பதினொரு மாணவ மாணவியர் வகுப்பறைக்கு வெளியே அமர்த்தப்பட்டிருப்பது – உள்ளே அனுமதிக்க உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மருத்துவரின் கடிதம், நாள் 16.2.93.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் குற்றத்தை முதலில் எழுதிவிடுகிறேன். சென்ற ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் இருமிக்கொண்டேதான் பாடம் நடத்தினேன். சாக்பீஸ் தூள் என்று நினைத்து அலட்சியமாக இருந்துவிட்டேன். செப்டம்பரில் சளியைப் பரிசோதித்தபோது காசநோய் என்று தெரிந்தது. ஒரு நாளும் தவறாமல் மருந்து உட்கொண்டு, சளியில் கிருமி இல்லை என்ற சான்றிதழுடன் 4.1.93 அன்று பணியில் சேர்ந்தேன். அன்றே என் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேரையும் பரிசோதிக்கக் கோரி மருத்துவமனைக்கு எழுதினேன். எதற்கு வீண் வம்பு, சும்மா இருங்கள் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். நான்கு மாதம் என் இருமலுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அவர்கள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

2. 4.2.93 வியாழனன்று மருத்துவக் குழுவினர் வந்து பிள்ளைகளின் முன்கையில் ஊசி போட்டனர். காசநோய்க் கிருமி உடலில் புகுந்திருந்தால் அந்த இடம் வீங்கும். மூன்று நாள் கழித்து, ஞாயிறன்று, வீக்கத்தை அளக்க வேண்டும். விடுமுறை நாளில் பாதிப் பேர் வந்தாலே அதிசயம் என்றார் நர்ஸ். நாற்பத்து மூன்று பேரும் வந்தார்கள் ஐயா. ஆராதனை முடிந்து அப்படியே வந்தவர்கள் சிலர், முடிச்சூரிலிருந்து நடந்தே வந்தவர்கள் ஏழு பேர். நான் சொல்லியிருந்தபடி ஒருவர்கூடக் கையைச் சொறியவில்லை, மஞ்சள் பூசவில்லை. இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் அன்றுபோல் நான் பெருமைப்பட்டதில்லை. கர்வம் என்று தாங்கள் குறித்துக்கொண்டாலும் ஆட்சேபணையில்லை.

3. தவறு மறுநாள் நேர்ந்தது. எங்கள் தலைமையாசிரியர் திரு. லாசரஸ் அவர்கள் எண்களோடு எந்தப் பட்டியல் வந்தாலும், பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்வரை வரிசைப்படுத்தி, மணிமணியான கையெழுத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார். பழக்க தோஷம். வீக்கத்தின் மில்லிமீட்டர் கணக்கையும் அவ்வாறே ஒட்டினார். பிள்ளைகள் அதை மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டார்கள். பூஜ்யம் வந்ததற்காக வகுப்புத் தலைவன் அப்பாதுரை தேம்பித் தேம்பி அழுதான். பதினெட்டு மில்லிமீட்டருடன் முதலிடத்தில் இருந்தவள் செல்வமேரி. எந்தத் தேர்விலும் முப்பதாவது இடத்துக்கு மேலே வராதவள். கட்டட வேலைக்குச் செல்லும் அவள் தாய் கிளியம்மாள் ஓடி வந்து, "எம் பொண்ணு பஸ்ட்டு வந்துகீதாமே சார்!" என்று சொல்லி வகுப்புக்கே ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். மிட்டாயை வாங்கிக்கொண்டேன்.

4. அது என்ன பட்டியல் என்று மற்றப் பெற்றோர்களுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. "அந்தப் புள்ளைங்களாண்ட எம் புள்ளய குந்த வெக்காதீங்க" என்று கூட்டமாக வந்து நின்றார்கள். பத்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்த பதினொரு பேர் 10.2.93 முதல் தாழ்வாரத்துக்கு அனுப்பப்பட்டனர். நானே அவர்களை அழைத்துச் சென்று எக்ஸ்ரே எடுக்கச் செய்தேன். ஒருவருக்கும் நோய் இல்லை. கிருமி என்றோ உடலில் புகுந்ததற்கு அடையாளமே இந்த வீக்கம் என்றும், நோய் இல்லாத இவர்களிடமிருந்து யாருக்கும் எதுவும் பரவாது என்றும், பிரித்து வைக்கத் தேவையில்லை என்றும் பார்வையில் கண்ட கடிதத்தில் மருத்துவர் எழுதியுள்ளார். தலைமையாசிரியர் நல்லவர்தான், மேலிடத்து உத்தரவு இல்லாமல் பெற்றோரைச் சமாளிக்க முடியாது என்கிறார். இன்று இருபத்திரண்டாவது நாள்.

5. தாழ்வாரத்திலிருந்து கரும்பலகையின் ஒரு மூலைதான் தெரியும். அப்படியிருந்தும் சென்ற வாரக் கணக்குத் தேர்வில் பதினொருவரும் தேர்ச்சி பெற்றார்கள் என்பதைத் தலைநிமிர்ந்து தெரிவிக்கிறேன். விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது செல்வமேரி, "பஸ்ட்டு வந்தவங்கள ஏன் சார் வெளிய வெச்சிக்கீறீங்க?" என்று கேட்டாள். அவள் குறும்புக்காகக் கேட்கவில்லை.

6. நோய் வந்தவன் நான். சான்றிதழ் இருப்பதால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். நோயே வராத பிள்ளைகள் வெளியே வெயிலில் இருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே 1.3.93 முதல் என் நாற்காலியைத் தாழ்வாரத்தில் போட்டு, வாசற்படியில் நின்று இரு பக்கத்துக்கும் பாடம் நடத்துகிறேன். இதற்கு விளக்கம் கேட்டுத் தலைமையாசிரியர் குறிப்பாணை கொடுத்துள்ளார். இம்மனுவே என் விளக்கம். அவர் கைவழியாகவே அனுப்புகிறேன், அவரும் படிக்கட்டும்.

ஆகவே, ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு தொடங்குமுன் இப்பிள்ளைகளை வகுப்பறைக்குள் அமர்த்த உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். கூடுமானால் தாங்களே ஒரு நாள் நேரில் வந்து, பெற்றோர் அனைவரும் பார்க்க, செல்வமேரியின் பக்கத்தில் ஐந்து நிமிடம் தரையில் அமர வேண்டும். எந்த உத்தரவையும்விட அதை அவர்கள் நம்புவார்கள்.

அதுவரை என் நாற்காலி தாழ்வாரத்திலேயே இருக்கும். இதற்கு அனுமதி கோரவில்லை. தங்கள் மேலான தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: இரும்புலியூர்
நாள்: 3.3.1993

பணிவும் கடமையும் மறவாத,
சா. ஏசுதாசன்
(ஒப்பம்)