ஸ்டெல்லா அக்காவின் போன்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கீசர் மெக்கானிக் இன்றும் வரவில்லை. மகளிடம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில்.

தெருமுனையில் இட்லி விற்கும் ஸ்டெல்லா அக்காவிடம் பார்சல். ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி, பாவம். எதிரே சலூன் இருந்த அறை காலி. வெள்ளிக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் அவருக்குத்தானாம். அதற்கு லோன் கேட்டிருக்கிறார். எங்கள் கம்பெனி ஆப்பில். ரிஜெக்ட்.

"கைக்கு ரிஜெக்ட்னு அதுல ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதும்மா." அவர் தமிழில் இந்த ஊர் உருது கலந்திருக்கும்; 'கைக்கு' என்றால் ஏன்.

பேங்க் வாசலே மிதிக்காதவர்களுக்கும் கடன் கிடைக்கவேண்டும் என்றுதான் எங்கள் டீமே இருக்கிறது. சம்பளச் சீட்டு வேண்டாம், பத்திரம் வேண்டாம். ரீசார்ஜ், யுபிஐ வரவு, கரண்ட் பில் பார்த்து ஆளை எடை போடுவோம். மீட்டிங்கில் இதைச் சொல்லும்போது எனக்கே பெருமை. இன்று அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம்.

ஜூலை 9, புதன்

புகாராகப் பதிந்து, முறைப்படியே அவர் விண்ணப்பத்தைத் திறந்தேன். மார்க் பிரமாதம். வரவு செலவில் என்னைவிட ஒழுங்கு. தடுத்தது வேறு. ஒரே போனிலிருந்து நான்கு பேருக்கு மேல் விண்ணப்பித்தால் மோசடி, ஐந்தாவது ஆள் வெளியே. விதியை எழுதியவள் நான்.

சாயங்காலம் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஹவ், ஆமாம்மா, மல்லாபூர்ல எங்க லைன் வீடுங்கள்ல என் போன் கேமராலதான் மூஞ்சி தெளிவா விழும். ஃபேக்டரிக்குப் போற பொம்பளைங்க நாலு பேருக்கு நான்தான் போட்டுக் குடுத்தேன். எல்லாருக்கும் வந்துடுச்சு."

"நீங்க ஏன் கடைசியா போட்டீங்க?"

"நம்ம போன்தானே. வந்தவங்களை உக்கார வெச்சுட்டு நம்ம முதல்ல போட்டுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போன்.

ஜூலை 10, வியாழன்

மேனேஜர் ச.வுடன் வாக்குவாதம். விதியை எடுத்தால் நிஜ மோசடிக்காரன் நுழைவான் என்கிறார். அதுவும் சரிதான். எடுக்க வேண்டாம், இப்படி மாட்டுவதை ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றேன். நல்ல யோசனை, திங்கட்கிழமை கமிட்டியில் வைக்கலாமாம். நாளைக்குள் வேண்டும் என்றேன். ஒருவருக்காக அவசரப்பட முடியாதாம்.

ஒருவரா? இதில் மாட்டியவர்களைத் தேடிப் பார்த்தேன். பெரும்பாலும் பெண்கள். எரிச்சல்.

பால், வெங்காயம், மகளுக்கு கிராஃப் நோட்.

ஜூலை 11, வெள்ளி

ஸ்டெல்லா அக்காவிடம், அட்வான்ஸை நானே தருகிறேன் என்றேன்.

"நக்கோம்மா, வேணாம். உங்ககிட்ட வாங்கிட்டா அப்புறம் இட்லிக்குக் காசு கேக்க வாய் வராது."

வற்புறுத்தத் தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

வெயில். கீசர் சரியாகிவிட்டது, இனி எதற்கு.

காலையில் அந்த அறையில் மொபைல் கவர் கடை போர்டு. மதியம் கமிட்டி ஒப்புக்கொண்டது. சாயங்காலமே ஸ்டெல்லா அக்காவின் லோன் பாஸ். ஓடிப்போய்ச் சொன்னேன்.

போர்டைப் பார்த்தார். "இப்ப எதுக்கும்மா?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார், லைனில் இன்னொரு பெண்ணுக்குத் தையல் மெஷின் வாங்க வேண்டுமாம், தன் போனில் போடலாமா என்று. தாராளமாக என்றேன்.

"அப்போ என்னோடதை கேன்சல் பண்ணிடுங்க. ஒரே போன்ல ஆள் கூடிப்போய் அவளுக்கு இடிக்கக் கூடாது."

இனி இடிக்காது என்றேன். நம்பவில்லை.