மாமா வீட்டு வடையும் கொரிந்தியர் பத்தாம் அதிகாரமும்

லுசேர்ண், சுவிட்சர்லாந்து,
திங்கட்கிழமை.

அன்பு மகள் கோபிஷாவுக்கு அப்பா எழுதுவது,

ஆண்டவருடைய கிருபையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர. அது மழை வருமென்றால் முதல் நாளே சொல்லிவிடுகிறது. நீயும் அந்த நியூசிலாந்துக் காற்றில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் கதைக்காமல் இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். நான் போனை எடுத்தால் அம்மா வாங்கிவிடுவார், வாங்கினால் திருப்பித் தரமாட்டார். நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேறு வழி தெரியவில்லை. அங்கே இரண்டு சபைகளுக்குப் போய்ப் பார்த்தேன், ஒன்றில் பாட்டு நல்லது, மற்றதில் தேத்தண்ணீர் நல்லது, எது வேதத்தின்படி நடக்கிற சபை என்று எப்படி அறிவது என்று கேட்டிருந்தாய். நான் ஹொட்டேல் குசினியில் சமைத்துக் காலம் கழித்தவன், வேதசாஸ்திரம் படித்தவனல்ல. அதனால் போன மாதம் தொடங்கி நேற்றுவரை எங்கள் சபையில் நடந்ததைச் சொல்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

எங்கள் பழைய போதகர் ஓய்வுபெற்றுப் பாசலில் மகனோடு போய் இருக்கிறார் அல்லவா, அவருடைய இடத்துக்குத் தவச்செல்வன் என்று ஒரு இளம் போதகர் வந்திருக்கிறார். நல்ல பிள்ளை. நல்ல குரல், யாராவது ஆஸ்பத்திரியில் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். அவர் ஒரு ஞாயிறு, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தை எடுத்தார். கர்த்தருடைய பந்தியிலும் பேய்களுடைய பந்தியிலும் சேர்ந்து இருக்க முடியாது என்று வருகிற இடம்வரை வாசித்து, வேதத்தைப் பட்டென்று மூடி, ஆகவே சைவ வீட்டுக் கலியாணத்தில் போய்ச் சாப்பிடுகிறவர்களுக்கு இனித் திருவிருந்து இல்லை என்று சொல்லிவிட்டார். சபை முழுக்க ஆமென் என்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவிடமிருந்து மட்டும் ஆமென் வரவில்லை. ஏனென்றால் இன்டர்லாக்கனில் உருத்திரமூர்த்தி மாமாவின் மகள் பிரபாலினிக்குக் கலியாணம் வருகிறது. அம்மா என்னைக் கட்டி ஞானஸ்நானம் எடுத்தபோது அவருடைய சொந்தமெல்லாம் கதைபேச்சை நிறுத்தியதும், நிறுத்தாத ஒரே ஆள் இந்த அண்ணன்தான் என்பதும் உனக்குத் தெரியும். அவருடைய ஒரே பிள்ளையின் கலியாணத்துக்குப் போகாமல் விட்டால் பிறகு எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது.

அம்மா வீட்டுக்கு வந்து, சீலை மாற்றாமலே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த அதிகாரத்தைத் திறந்தார். போதகர் நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் கீழே, அதே பக்கத்தில், விசுவாசியில்லாத ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டு உங்களுக்கும் போக விருப்பமென்றால், முன்னால் வைத்ததைக் கேள்வி கேளாமல் சாப்பிடுங்கள் என்று பவுலே எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த வசனத்தில், இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால் மட்டும் சாப்பிடவேண்டாம் என்றும் இருக்கிறது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிய அம்மா வேதத்தை விரித்தபடி போதகரிடம் போனார். அவர் பக்கத்தைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பார்த்து, கேள்வி கேட்கிற ஆவி நல்லதில்லை அக்கா என்றார். பஸ்ஸில் அம்மா வேதத்தை மடியில் வைத்து வேறு பக்கங்களைப் புரட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக் கதவைத் திறந்ததும் சொன்னார். "பவுலின்ர பிரசங்கத்தையே பெரோயா ஊர்ச்சனம் வேதத்தோட ஒப்பிட்டுப் பாத்தது. அதுக்காக அவையை வேதத்திலயே மெச்சித்தான் எழுதியிருக்கு. பவுலைவிட இவர் பெரிய ஆளோ?" பிறகு அண்ணனுக்குப் போன் எடுத்து, நான் வாறன், ஆனால் ஆரத்தி எடுக்க மாட்டேன், பிள்ளைக்குச் சீலை கட்டிவிடுவேன் என்றார். ஆரத்திக்கு ஆட்கள் சண்டை பிடிக்கினம், சீலை கட்டத்தான் ஆளில்லை என்றார் மாமா.

கலியாணத்தன்று ரயிலில் ஏறினால், எங்கள் ஞாயிறு பள்ளியை நடத்துகிற தர்மிகா, காஞ்சிபுரமும் கொண்டை நிறையப் பூவுமாக, ஓசிப் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு இருக்கிறார். அம்மா விடுவாரா, எங்கே போகிறாய் என்று கேட்டார். சும்மா மலை பார்க்கப் போகிறோம் என்றது பிள்ளை. மலை பார்க்கத் தாலிக்கொடியை வெளியே போட்டுக்கொண்டு போகிறவர்களை நான் அன்றுதான் கண்டேன். இன்டர்லாக்கன் மண்டபத்துக்குப் போனால் எங்கள் சபையில் பாதி அங்கே மலை பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒருவரை ஒருவர் கண்டதும் தூணுக்குப் பின்னால் போகிறார்கள். அம்மா ஒருவர் மட்டும் நடுவில் நிமிர்ந்து நடந்தார். பிரபாலினிக்கு அவர் கட்டிவிட்ட கூறைச்சீலை கடைசிவரை ஒரு மடிப்புக் குலையவில்லை.

பிறகு சாப்பாடு. உழுந்து வடை, நல்ல பதம், எண்ணெய் குடிக்காதது. அம்மாவின் கை தட்டுக்குப் போகிற நேரம் பார்த்து, பாவம் மாமா, தங்கைக்கு உதவி செய்கிறேன் என்று ஓடி வந்தார். "சுகந்தி, நீ பயப்பிடாத. உனக்கெண்டு புறம்பா ஒரு சட்டியில சோறுகறி எடுத்து வைச்சிருக்கிறன். இந்த வடை பாயாசம்தான் பிள்ளையாருக்குப் படைச்சது." அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. ஏன் அண்ணை எனக்குச் சொன்னனீங்கள் என்று அழாக்குறையாகக் கேட்டார். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொல்லாவிட்டால் சாப்பிடலாம், சொன்னால் சாப்பிடக்கூடாது, அப்படித்தான் எழுதியிருக்கு என்று அம்மா விளங்கப்படுத்த, அப்ப நான் சொன்னதை மறந்துவிடு என்றார் மாமா. அம்மா மறக்கிற ஆளில்லை. வடையை வைத்துவிட்டுப் புறம்பான சட்டியிலிருந்து கத்தரிக்காய்க் குழம்பும் சோறும் சாப்பிட்டார். நான் அப்போது அடுத்த மேசையில் இருந்தேன், என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே நன்றாகச் சாப்பிட்டேன்.

இது அப்படியே போதகரின் காதுக்குப் போயிருக்கிறது. கொண்டுபோனது தர்மிகா. சொல்வதென்றால் தானும் போனதை ஒத்துக்கொள்ள வேண்டும், அதையும் ஒத்துக்கொண்டுதான் சொன்னதாம், அதற்காக அந்தப் பிள்ளையை மெச்ச வேண்டும். நேற்றுத் திருவிருந்து. அம்மா வெள்ளைச் சீலை உடுத்து, வழக்கமான முன்வரிசையை விட்டுக் கடைசி வரிசை வாங்கில் போய் இருந்தார். திருவிருந்துத் தட்டு எங்களைத் தாண்டிப் போனால் வீட்டுக்குப் போய் என்ன செய்வது, இருபது வருடம் கும்பிட்ட இடத்தை விட்டு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு இருந்தேன். போதகர் மேடைக்கு வந்து அதே அதிகாரத்தைத் திறந்து, இந்த முறை கடைசி வசனம்வரை வாசித்தார். வாசித்துவிட்டுச் சொன்னார்: "நான் பாதியில நிப்பாட்டிப்போட்டன். சுகந்தியக்கா காட்ட வந்தவ, நான் பாக்கேல்லை. அவ தனக்குப் பிடிச்ச வசனத்தை மட்டுமில்லை, பிடிக்காத வசனத்தையும் கைக்கொண்டவ எண்டு கேள்விப்பட்டுத்தான் நான் திரும்ப வாசிச்சன். என்னை மன்னியுங்கோ." சபை இந்த முறை ஆமென் சொல்ல மறந்துபோனது. அவர் தட்டோடு நேரே கடைசி வாங்குக்கு வந்தார். குனிந்தபோது தட்டு முன் வாங்கில் இடித்து, திராட்சை ரசம் அம்மாவின் வெள்ளைச் சீலையில் கொட்டுப்பட்டது. அம்மா குனிந்தும் பார்க்காமல் வாங்கிக் குடித்தார்.

ஆகவே பிள்ளை, உன் சபைகளுக்கு உன்னுடைய வேதத்தை நீயே கொண்டுபோ. அவர்கள் நிறுத்துகிற இடத்தில் நீ நிறுத்தாதே. ஒரு கேள்வி கேட்டுப் போதகரின் முகத்தைப் பார். முதல் நாள் கோபித்தால் ஓடி வந்துவிடாதே, அடுத்த கிழமையும் போய்ப் பார், திரும்ப வாசிக்கிற மனிதரோ என்று. நீயும் உனக்கு வசதியான வசனத்தை மட்டும் பொறுக்காதே. இதை வீட்டிலும் நடத்திப் பார்க்க, கணவன் மனைவியை நேசிக்க வேண்டும் என்று அம்மா அடிக்கடி காட்டுகிற இடத்துக்கு மேலே, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று உள்ள வசனத்தையும் வாசிக்கச் சொன்னேன். கண்ணாடியைக் காணவில்லை என்றார்.

பிரபாலினிக்கு ஒரு வாழ்த்து அனுப்ப மறந்துவிடாதே, மாமா கேட்டவர். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, நல்ல சிநேகிதரையும் நல்ல சபையையும் தருவாராக. நேற்று வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, சீலை பழுதாய்ப் போயிற்றே என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கறையைப் பார்த்தார்.

"பரவாயில்லை, போதகர் பிள்ளை வாசிச்சு முடிச்சிட்டுது" என்றார்.

உன்னை நினைக்காத நாளில்லாத,
அப்பா குணசேகரம்