மாடத்தில் உப்பும் மிளகும்

அக். 7, செவ்வாய்

காலையில் பனிமூட்டம். 280 நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. சன்னிவேலில் இருந்து மியூசியம் வர ஐம்பது நிமிடம். பிளாஸ்க்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாயிற்று.

வேலை:
– முன்கூடத்துக்கு, மியூசியம் இருக்கும் இந்தப் பழைய மடத்தின் வரலாற்றுப் பலகை. 120 சொல். லிண்டா (மேனேஜர்) அடுத்த வாரம் கேட்கிறாள்.
– ஈரப்பத மீட்டருக்கு பேட்டரி.
– அந்தோணியார் மாடம்.

மாடம்தான் விவகாரம். கோடையில் இருந்தே செவ்வாய்தோறும் சிலையின் காலடியில் வெள்ளையும் கறுப்புமாக ஏதோ கிடக்கிறதாம். நான் கீழ்த்தளக் கிடங்கில் இருப்பதால் எனக்குத் தெரியாது. மதியம் கூப்பிட்டுக் காட்டினார்கள். கிளீனர் எலி மருந்து என்று சொல்லிக் கையுறை போட்டு அள்ளுகிறார். யாரோ சூனியம் வைக்கிறார்கள் என்று லிண்டாவுக்குச் சந்தேகம், பாதி சிரிப்போடு. எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. கல் உப்பு, மிளகு.

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்காதே. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் அந்தோணியாருக்கு இப்படித்தான் போடுவார்கள், கோடி அற்புதர், காணாமல் போனதைத் தேடித் தருவார், செவ்வாய் அவர் நாள், நேர்ச்சை என்றால் பதின்மூன்று செவ்வாய். ஒரு பிரசங்கமே வைத்தேன். மூன்று வருஷத்தில் இந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும் தெரிந்த முதல் விஷயம். பெருமை தாங்கவில்லை.

லி. கேட்டது ஒன்றுதான். அப்படியென்றால் இது நிற்காதா?

அக். 9, வியாழன்

நல்ல வெயில். பலகை, நான்காவது வரைவு. குறிப்புகள்:

ஸ்பெயினில் இருந்து மெக்சிகோ வழியாக வந்த பிரான்சிஸ்கன் துறவிகளின் மடம். மண்ணைக் குழைத்துக் கல் அறுத்து அடுக்கியவர்கள் இந்த இடத்துப் பூர்வகுடிகளான ஒலோனி மக்கள். அம்மையிலும் வேலையிலும் செத்தவர்கள் பின்முற்றத்தில், பெயர் இல்லாமல். மெக்சிகோ அரசு மடத்தை எடுத்துக்கொண்ட பிறகு தானியக் கிடங்கு. அப்புறம் சாராயக்கடை. நிலநடுக்கத்தில் வடக்குச் சுவர் போனது. கடைசியில் மியூசியம்.

செத்தவர்களைக் கடைசி வரிக்குத் தள்ளச் சொன்னாள் லி. தள்ளவில்லை.

அந்தோணியார் கோப்பு: மெக்சிகோவில் செதுக்கிக் கப்பலில் வந்தவர். சாராயக்கடைக் காலத்தில் பக்கத்துப் பண்ணையின் வைக்கோல் கொட்டகையில். இடது கையில் இருக்க வேண்டிய குழந்தை இயேசு இல்லை. எங்கே, எப்போது போனது, குறிப்பு இல்லை.

மூன்று மணிக்கு லி.யின் மெயில். உப்பு ஈரத்தை இழுக்கும், பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிரும். பழக்கம் தொடரும் என்று தெரிவதால் திங்களன்று சிலை கீழ்த்தளக் கிடங்குக்கு. தகவல் தந்ததற்கு எனக்கு நன்றி வேறு. ஒரே எரிச்சல். லி. மேல் இல்லை, அவள் சொல்வது சரிதான்.

அக். 14, செவ்வாய்

தூறல். பத்தரைக்கு மாடத்துப் பக்கம் போனேன், சும்மாதான். ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து இருக்கும். கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டு. ஷூவைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்திருந்தாள். கையில் ஜிப்லாக் பை, உப்பும் மிளகும். எதிரே காலி மாடம், "பராமரிப்புக்காக அகற்றப்பட்டுள்ளது" அட்டை.

தமிழா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "கீழ எடுத்து வச்சிருக்கோம்" என்றேன்.

"எப்பங்க திருப்பி வெப்பாங்க?"

"தெரியல. மாசக்கணக்காகும்."

"இன்னிக்குப் பன்னெண்டாவது செவ்வாய்ங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணுதானுங்க பாக்கி."

ஈரோட்டுக்காரி. கோமதி. இந்து, ஆனால் படித்தது கன்னியாஸ்திரீகள் பள்ளி. பரீட்சைக்கு முன்னால் அந்தோணியாருக்கு உப்பு மிளகு போட்டுப் பழக்கமாம். மகனுக்குப் பத்தொன்பது வயது. ஜூலையில் காலேஜை விட்டுவிட்டேன் என்றிருக்கிறான். அப்பா கத்தினார், இவள் பேசாமல் நின்றாள். பையை எடுத்துக்கொண்டு போனவன்தான். போன் எடுப்பதில்லை. நன்றாக இருக்கிறான் என்று ஒரு சிநேகிதன் சொன்னான், எங்கே என்று சொல்லவில்லை.

"சன்னிவேல் பக்கமே சர்ச் இருக்கே. அங்க போடலாம்ல?"

"அங்கெல்லாம் கையில கொழந்தைய வெச்சிருக்காருங்க. இவரு தொலச்சவரு. இவருகிட்டச் சொன்னாத்தான் புரியும்."

என்னால்தான் சிலை போனது என்று சொல்லவில்லை. அப்போது மட்டும் என் வாய் சும்மா இருந்தது. போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். ஷூ லேஸ் கட்ட அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.

அக். 16, வியாழன்

லி.யிடம் கேட்டேன். கிடங்குக்குள் ஆய்வாளர்கள் மட்டும், அதுவும் படிவத்தோடு. சரி, படிவம். பெயர்: கோமதி. நிறுவனம்: இல்லை. ஆய்வுப் பொருள்: அந்தோணியார் சிலை. தேவைப்படும் நேரம்: பத்து நிமிடம். லி. படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உப்பு உள்ளே வரக்கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். நல்லவள்.

பலகை அச்சுக்குப் போயிற்று. 134 சொல். யாரும் எண்ணவில்லை.

அக். 20, திங்கள்

மியூசியம் வார விடுமுறை. தீபாவளியும். பக்கத்து அபார்ட்மென்டில் இருந்து முறுக்கும் மைசூர்பாகும். மைசூர்பாகு கல்.

கோமதிக்கு "நாளை பத்து மணி" என்று மெசேஜ். பதில்: "வர்றனுங்க்கா. அவன் வர்ல." நான் கேட்கவே இல்லை.

அக். 21, செவ்வாய்

வெயில், காற்று. பத்து நிமிடம் முன்னாலேயே வந்து பார்க்கிங்கில் நின்றாள். கிடங்கில் தரை ஜில்லென்று இருக்கும், ஷூ இருக்கட்டும் என்றேன். கழற்றினாள். உப்புப் பையைக் கதவருகிலேயே என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"போடாட்டியும் பதிமூணு கணக்குல வருமாங்க்கா?"

"வரும்" என்றேன், பங்குச் சாமியார் மாதிரி. நான் பூசைக்குப் போயே எத்தனையோ வருஷம்.

அந்தோணியார் இரும்பு அலமாரியில், முகம் சுவரைப் பார்த்து. தூக்கி வந்தவர்களுக்கு அப்படித்தான் வாகாக இருந்திருக்கும். கோமதி அவர் முதுகைப் பார்த்துக் கும்பிட்டாள். அதைப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"உப்பு விஷயத்த ஆபீஸ்ல சொன்னது நான்தான் கோமதி. அதனாலதான் இவர இங்க கொண்டாந்துட்டாங்க."

கண்ணைத் திறக்கவில்லை. "தெரியுங்க்கா. இங்க வேற யாருக்கு உப்பு மொளகு தெரியும்?" கோபமாகத்தான் சொன்னாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

பத்து நிமிடம் முடிந்தது. கதவுவரை வந்துவிட்டுத் திரும்பினாள்.

"மொகத்த மட்டும் கதவுப் பக்கம் திருப்பி வெச்சுருங்க்கா. யாரு வர்றாங்கன்னு பாக்கட்டும்."

அவள் போன பிறகு கையுறை போட்டுத் திருப்பினேன். நினைத்ததைவிடக் கனம் குறைவு. இடம் மாறினால் கணினியில் பதிய வேண்டும். முன்பு: முகம் சுவர்ப் பக்கம். இப்போது: கதவுப் பக்கம். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் விடமாட்டேன் என்கிறது. மூன்று தடவை விட்டுப் பார்த்தேன். கடைசியில் தமிழிலேயே அடித்தேன்: மகன் இன்னும் வரவில்லை.

ஏற்றுக்கொண்டது.