இரண்டாம் தீர்மானம்

8 மே 1983, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் வாலிபர் வகுப்பு. பதினொரு பேர். குருவானவர் நான்கு வாரத்துக்கு ஒரே பொருள் கொடுத்திருக்கிறார்: உண்மையாயிருத்தல். “இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு அதுதான் ஐயா வேணும். ஒருத்தருக்கு ஒருத்தர் கூட நிக்கத் தெரியல” என்றார். மூன்று தலைப்புகளில் குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். கடவுள் நமக்கு, நாம் கடவுளுக்கு, நாம் ஒருவருக்கொருவர். முதல் தலைப்பு முடிந்தது. கேள்விகள் இல்லை.

மாலையில், நேற்று நடந்த சபைக் கமிட்டியின் மினிட்டைப் புத்தகத்தில் தெளிவாகப் படியெடுத்துக் கையெழுத்திட்டேன். இரண்டாம் தீர்மானம்: “கமிட்டியின் அனுமதியின்றிக் கோயில் கிணற்றை வெளியாருக்குத் திறந்துவிட்ட கோயில்குட்டி பேச்சிமுத்துவை வேலையிலிருந்து நீக்குவதென்றும், அவர் இம்மாத இறுதிக்குள் வளாகத்து அறையைக் காலி செய்ய வேண்டுமென்றும் தீர்மானிக்கப்பட்டது.”

அடித்தல் திருத்தல் இல்லை.

9 மே

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும். மினிட்டில் இல்லாததால்.

கிணற்று மூடியின் சாவி காரியதரிசியான என்னிடம் இருக்கும். கோயில் கழுவும் நாட்களில் பேச்சிமுத்து வாங்கிப்போய்த் திருப்பித் தருவார். சபையாருக்கு மட்டுமே தண்ணீர் என்று மார்ச்சில் தீர்மானம் போட்டோம். ஏப்ரல் நடுவில் பேச்சிமுத்து வீட்டுக்கு வந்தார். மணியடிப்பது, பெஞ்சு துடைப்பது எல்லாம் பதினாறு வருடமாக அவர்தான்.

“சார், ஆத்துல தோண்டுன ஊத்தும் வத்திப்போச்சு. பின்னாடி சந்துல சுல்தான் பீவி கைப்புள்ளையோட குடத்த வச்சுக்கிட்டு நிக்கிது. இன்னும் பத்துப் பன்னெண்டு வீட்டுக்காரவுக. என்ன செய்ய?”

சாவியை எடுத்துக் கொடுத்தேன். “காலையில ஒரு மணி நேரம் திறந்து விடுங்க. யாராவது கேட்டா, நான்தான் சொன்னேன்னு நானே சொல்லிக்கிறேன்.”

என் சொற்கள் இவைதான்.

சனிக்கிழமைக் கமிட்டியில் பொருளாளர் கேட்டார்: “யாரக் கேட்டுய்யா தொறந்த?” பேச்சிமுத்து என்னைப் பார்த்தார். ஒரே தடவை. நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எழுத என்ன இருந்தது? தேதியின்மேல் மறுபடி பேனாவை ஓட்டினேன். “தப்புதாங்கய்யா” என்றார் அவர். என் பெயரைச் சொல்லவில்லை.

12 மே

வெயில். கஞ்சி. எழுத ஒன்றுமில்லை.

15 மே, ஞாயிறு

இரண்டாம் வகுப்பு. ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போனபோது சீஷர்கள் ஓடிப்போனதைச் சொன்னேன். டைப்பிங் படிக்கும் ஜெயக்கொடி கையைத் தூக்கினாள்.

“ஓடுனவங்க கெட்டவங்களா சார், பயந்தவங்களா?”

“பயந்தவர்கள்.”

“அப்ப, பயந்து ஓடுனா தப்பில்லையா?”

பின் பெஞ்சிலிருந்து காளை, “விட்ருங்க சார், வக்கீலம்மா இன்னைக்கி கேஸ முடிக்காம போகாது” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“பேச்சிமுத்து அண்ணனுக்கு வேலை போச்சாம்ல சார். தண்ணி குடுத்ததுக்கு. நம்ம சபை அவருக்கு உண்மையா இருந்துச்சா?”

அது கமிட்டி காரியம் என்றேன். ஐந்து நிமிடம் முன்னதாகவே முடிவு ஜெபம் செய்துவிட்டேன். என்ன ஜெபித்தேன் என்று இப்போது ஞாபகமில்லை.

18 மே

குருமனைக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். குருவானவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். “என்னய்யா, இந்த வெயில்ல?” என்றார். ஞாயிறு பாட்டு எண்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மினிட்டைத் திருத்த ஒரு முறை உண்டு. அடுத்த கூட்டத்தில் அதை வாசிப்போம். பிழை இருந்தால் அப்போது சொல்லலாம். அதுதான் ஒழுங்கு. கூட்டம் ஜூன் 4. அறையைக் காலி செய்ய வேண்டியது மே 31. இரண்டு தேதிகளையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒழுங்குக்காகக் காத்திருக்கிறேனா, தேதி கடக்கட்டும் என்று இருக்கிறேனா?

22 மே, ஞாயிறு

மூன்றாம் வகுப்பு. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். நான் தாளிலிருந்து தலை தூக்கவில்லை.

28 மே, சனி

பேச்சிமுத்து அறையைக் காலி செய்தார். கட்டில், இரண்டு பெட்டி, சட்டி பானை. ஒரே வண்டியில் அடங்கிவிட்டது. எங்கள் கோச்சடையை விட்டு நாகமலை புதுக்கோட்டையில் மைத்துனன் வீட்டுக்குப் போகிறார்கள். போய் நின்றேன்.

அவர் மனைவி முனியாயி என்னைப் பார்த்தார். “வாங்க சார். அம்புட்டையும் ஏத்திட்டோமான்னு எழுதிக்கிட்டுப் போக வந்தீகளா? ஒரு வெளக்குமாறு விட்டுப்போச்சு, அதையும் எழுதிக்கங்க.”

“ஏ, சும்மா இரு” என்றார் பேச்சிமுத்து.

முனியாயி உள்ளே போன பிறகு கேட்டேன். “அன்னைக்கு என் பேரை ஏன் சொல்லல?”

கட்டில் காலில் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: “நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன் சார்.”

கோபமில்லை. நாளை ஞாயிறு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

29 மே, ஞாயிறு

உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

4 ஜூன், சனி

கமிட்டி. போன மினிட்டை நானே வாசித்தேன். இரண்டாம் தீர்மானத்தில் நிறுத்தினேன். குரல் வந்தது, எப்படி வந்தது என்று தெரியவில்லை. “இது தவறு. சாவியைக் கொடுத்துத் திறக்கச் சொன்னவன் நான்.”

பொருளாளர் சிரித்துவிட்டார். “சாருக்கு இளகின மனசு. ஆளு வண்டி ஏறுனதப் பாத்ததும் பாவமாப் போச்சு. நீங்க சொல்லியிருந்தா அவன் சும்மா இருப்பானா? அன்னைக்கே உங்க பேரச் சொல்லியிருப்பான்.”

குருவானவர் என் தோளில் கை வைத்தார். “இருபது வருஷமா உங்க மினிட்ல ஒரு எழுத்து தப்புனதில்ல ஐயா. வயசாகுதில்ல, குழம்பிக்கிறீங்க. உக்காருங்க.”

மினிட் எழுதியபடியே ஏற்கப்பட்டது. குருவானவர் கையெழுத்திட்டார். என் கையெழுத்து ஏற்கெனவே அதில் இருந்தது.

5 ஜூன், ஞாயிறு

நான்காம் வகுப்பு. குறிப்பு எடுத்துப் போகவில்லை. சாவி, நான் கொடுத்த வாக்கு, குனிந்து எழுதியது, நேற்று நடந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. காளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இத ஏன் சார் மொத வாரமே சொல்லல?” என்றாள் ஜெயக்கொடி.

“பயம்.”

“இப்ப?”

“இப்பவும்தான்.”

நோட்டை மூடிக்கொண்டே, “வாராவாரம் அறிவிப்பு வாசிக்கிறது நீங்கதான சார்?” என்றாள்.

12 ஜூன், ஞாயிறு

அறிவிப்புகள்: பெண்கள் சங்கம், புதன்கிழமை. திருமண ஓலை வாசிப்பு, இரண்டாம் முறை. வீட்டு ஜெபக் கூட்டம், வெள்ளிக்கிழமை. நான்காவதை நான் எழுதி வைத்திருந்தேன். சாவியைப் பற்றி நான்கு வரி. சபை முழுவதும் கேட்கும்படி வாசித்தேன். முன் வரிசையில் பொருளாளர் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார். குருவானவர் பாட்டைத் தொடங்கச் சொன்னார்.

வெளியே வந்தபோது சிலர் கை கொடுத்தார்கள். சிலர் கொடுக்கவில்லை. எனக்கு எதுவும் தோன்றவில்லை.

18 ஜூன், சனி

அவசரக் கமிட்டி. பேச்சிமுத்துவை மறுபடி வேலைக்கு அழைப்பதென்று முடிவு. காரியதரிசிப் பொறுப்பும் வாலிபர் வகுப்பும் இனி வேறொருவருக்கு. மினிட்டைப் புதியவர் எழுதினார்.

20 ஜூன், திங்கள்

பஸ்ஸில் நாகமலை புதுக்கோட்டைக்குப் போனேன். பேச்சிமுத்து மைத்துனன் வீட்டு வாசலில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். முனியாயி காப்பி கொண்டுவந்து வைத்தார்.

“வாரேன் சார்” என்றார் கடைசியில். “ஆனா, கோவிச்சுக்காதீக. கெணத்தத் தொறக்கச் சொன்னது நீங்கதான்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க.”

அதைச் சபை முழுவதும் கேட்டுவிட்டதே என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. முனியாயி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். பின்பக்கத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பேச்சிமுத்துவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“இன்னொருக்கா வாசிங்க சார்.”

வாசித்தேன்.